அம்மாவின் பாட்டுகளுக்குள் இருக்கும் ஊர்

உனக்குப் பிடித்த பழைய பாட்டு எது என்று யார் கேட்டாலும் என் அம்மா 'காலங்களில் அவள் வசந்தம்' என்றுதான் சொல்வாள். போட்டுக் காட்டினால் தலையசைப்பாள், கூடவே முணுமுணுப்பாள், முடிந்ததும் "நல்ல பாட்டு" என்பாள். அதோடு சரி. அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு அவள் ஒரு கதைகூடச் சொன்னதில்லை. ஆனால், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் 'மணமகளே மருமகளே வா வா' போட்ட ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏட்டி, இது மேலத்தெருக் கல்யாணத்துல போட்ட பாட்டுல்லா. வேப்ப மரத்துல குழாயக் கட்டியிருந்தான். மழை வந்து பந்திய வளவுக்குள்ள மாத்துனாவ."

அன்று ராத்திரி சாப்பிடும்வரை பேசினாள். யார் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போனார்கள், அவர்களைச் சமாதானம் செய்து கூட்டிவந்தது யார், அம்மாவுக்கு அன்று கட்டிக்கொள்ளப் பெரியம்மா எந்தப் புடவையைக் கொடுத்தாள், எல்லாம் வந்தது. அம்மாவுக்குச் சில வருடங்களாக மறதி. காலையில் மாத்திரை போட்டோமா என்பது பதினோரு மணிக்கு நினைவிருக்காது. அப்படிப்பட்டவள் அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு பந்தியை இலை இலையாகச் சொன்னதைக் கேட்டபிறகுதான், அவளிடம் பாட்டை வைத்துப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

அதில் நான் புரிந்துகொண்டதில் பெரியது இதுதான்: பிடித்த பாட்டு வேறு, நினைவைக் கொண்டுவரும் பாட்டு வேறு. பிடித்த பாட்டை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அது எல்லா வீட்டிலும், எல்லா வயதிலும் ஒலித்துவிடுகிறது. எந்த ஒரு நாளும் அதற்குச் சொந்தமில்லை. ஒரு காலத்தில், ஓர் இடத்தில் விடாமல் கேட்டு, அப்புறம் பல வருடம் காதில் விழாமலே போன பாட்டு அப்படியில்லை. அந்த இடமும் அந்த ஆட்களும் அதனோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நினைவை ஆராய்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: ஒரு தூண்டுதலோடு பல நினைவுகள் சேர்ந்துவிட்டால், அவற்றில் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் எழுப்பும் சக்தி அதற்குக் குறைந்துவிடும். எனக்கே 'செந்தூரப் பூவே' அப்படி ஆகிவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் உயிரையே கொடுப்பேன் அந்தப் பாட்டுக்கு. இன்று அத்தனை பாட்டுப் போட்டி மேடைகளிலும் கேட்டுக் கேட்டு, அது என்னை எங்கள் தெருவுக்குக் கூட்டிப்போவதில்லை. பாட்டு இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

அம்மா 1949-இல் பிறந்தவள். திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கத்துச் சிற்றூர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, பீடி சுற்ற உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேருடைய கதை அதுதான். முந்தின ராத்திரி இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றிவைப்பார்கள். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டி, மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு வளவுத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்தால், சாயங்காலம் கடையில் கணக்குக் கொடுக்கும்வரை குனிந்த தலை நிமிராது. ஆயிரம் பீடி சுற்ற ஒரு முழுப் பகல் போகும். கை வேலையில் இருக்கும், கண்ணும் கையிலேயே இருக்கும். காதுக்கு மட்டும் வேலை கிடையாது. அந்தக் காதைத்தான் ரேடியோ எடுத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் ரேடியோ என்றால் இலங்கை வானொலி. அதற்குக் காரணம் உண்டு. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதற்கான நேரம் சுருங்கிச் சுருங்கி, ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி தொடங்கியபிறகுதான் சினிமாப் பாட்டு முறையாகத் திரும்பி வந்தது. அதற்குள் ஜனங்கள் கொழும்புப் பக்கம் திரும்பியிருந்தார்கள். தென்கோடி மாவட்டங்களுக்குச் சென்னையைவிட இலங்கைதான் பக்கம். நடுவில் இருப்பது கடல், மத்திய அலை அதை லேசாகத் தாண்டிவிடும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல் போல. காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி முடிந்தால் உலை வைக்கிற நேரம் என்று அம்மா சொல்வாள். வளவில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ரேடியோதான் மணி சொன்னது.

இதைத் தெரிந்துகொண்டபிறகு நான் பாட்டுப் போடும் நேரத்தை மாற்றினேன். ராத்திரி சும்மா படுத்திருக்கும்போது போட்டால், அம்மா கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். அதே பாட்டைக் காலையில், கைக்கு ஏதாவது வேலை கொடுத்துவிட்டுப் போட்டால், பேச்சு தானாக வரும். பூக் கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது, எதுவானாலும் சரி. ஒருநாள் உளுந்தைச் சொளவில் பரப்பி மடியில் கொடுத்துவிட்டு, 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே' போட்டேன். உளுந்தை விட்டுவிட்டு அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டத் தொடங்கின. இலை இல்லை, தூள் இல்லை, நூல் இல்லை. விரல் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, பக்கத்தில் யாரோ இருப்பதுபோலத் திரும்பி, "நூலு தீந்துட்டு, ஒரு கண்டு தா" என்றாள். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளாகவே சிரித்துக்கொண்டு, யாரிடம் நூல் கேட்டாள் என்று சொன்னாள். எதிர்வீட்டு ஆச்சியின் மகள். அம்மாவின் வாழ்க்கையில் அப்படி ஒரு சிநேகிதி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எந்தப் பாட்டைப் போடுவது என்று தேட ஒரு கணக்கு இருக்கிறது. வயதானவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும் என்று உளவியல்காரர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். பாட்டு விஷயத்தில் அந்தக் காலம் இன்னும் கொஞ்சம் இளவயதுப் பக்கம் சாயும். அதனால் பிறந்த வருடத்தோடு பத்தைக் கூட்டுங்கள், இருபத்தைந்தைக் கூட்டுங்கள். அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் வந்த படங்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அது 1959 முதல் 1974 வரை. அதிலும் அவள் பீடிச் சொளவோடு உட்கார்ந்திருந்த முதல் சில வருடங்கள்தான் செழிப்பு. 1961-இல் மட்டும் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும், பாக்கியலட்சுமி என்று விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் வரிசையாக வந்திருக்கின்றன. கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபிறகு அம்மாவுக்கு ரேடியோ கேட்க நேரமில்லை. எழுபதுகளின் பாட்டைப் போட்டால் முகத்தில் ஒன்றும் அசையாது. உங்கள் வீட்டில் அது வேறு மாதிரி இருக்கலாம். காது எப்போது ஓய்வாக இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

பட்டியலில் மிகப் பிரபலமானவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அதே படத்தில் யாரும் இப்போது போடாத மூன்றாவது, நான்காவது பாட்டு ஒன்று இருக்கும். அதை முதலில் போடுங்கள். பழைய பதிவாகவே இருக்கட்டும். புதிதாக மேளம் சேர்த்து, ஒலியைப் பளபளப்பாக்கிய பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றைப் போட்டபோது அம்மா முகத்தைச் சுளித்து, "இது அந்தம்மா பாடுனது இல்ல" என்றாள். பாடியவர் அதே சுசீலாதான். ஆனால் அம்மாவின் காதுக்குக் குரல் மட்டும் போதவில்லை. முன்னிசையில் அந்த மெல்லிய ரேடியோத் தன்மையும் வேண்டியிருந்தது. போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரே அதற்குப் போதும். நல்ல ஸ்பீக்கரைவிட அதுதான் ஒத்துவந்தது.

கேட்கிற கேள்வியிலும் விஷயம் இருக்கிறது. "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கவே கூடாது என்று வைத்திருக்கிறேன். மறதி உள்ளவருக்கு அது பரீட்சை. இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அன்று முழுக்க முகம் வாடிவிடும். பாட்டைப் பற்றியும் கேட்பதில்லை. "இது எங்க கேட்டுது?" என்று இடத்தைக் கேட்பேன். அல்லது "அப்ப பக்கத்துல யாரு இருந்தா?" என்று ஆளைக் கேட்பேன். இடமும் ஆளும் கிடைத்துவிட்டால் மற்றது பின்னாலேயே வரும். சில நாட்களில் கேள்வியே வேண்டாம், முதல் வரி முடிவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். அதனால் போன் பதிவை முதலில் ஓடவிட்டுவிட்டுத்தான் பாட்டைப் போட வேண்டும். பாட்டு ஆரம்பித்தபிறகு பதிவைத் தட்டலாம் என்று நினைத்தால் நல்ல வாக்கியம் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. பேச்சு வந்ததும் பாட்டை மெல்லக் குறைத்து நிறுத்திவிடுங்கள். அடுத்த பாட்டு தானாக ஓடும்படி விட்டால், ஒரு நினைவு முடிவதற்குள் இன்னொன்று வந்து அதை அழித்துவிடும்.

சொன்னதெல்லாம் நடந்ததா என்று சரிபார்க்கவும் பாட்டு உதவும். எங்கள் தாத்தா கூரை வீட்டை ஓட்டு வீடாக மாற்றியது 1960 என்று பெரிய மாமா சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பமே அதைத்தான் நம்பியது. அம்மாவிடம் 'அன்று வந்ததும் இதே நிலா' போட்டபோது, "ஓடு மேய வந்த ஆளுக மேல நின்னு பாடிக்கிட்டே இருப்பாவ" என்றாள். அந்தப் பாட்டு வந்த பெரிய இடத்துப் பெண் 1963-இல் வெளியான படம். அப்படியென்றால் 1960-இல் ஓடு மேய வந்தவர்கள் அதைப் பாடியிருக்க முடியாது. மாமாவிடம் சொன்னேன். அவர் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்து வீட்டுத் தீர்வை ரசீதுகளை எடுத்தார். ஓட்டு வீட்டுக்கான முதல் ரசீது 1964-ஆம் வருடத்தது. மாமாவுக்குத் தன் தங்கையை நினைத்து அவ்வளவு பெருமை. "எல்லாம் மறந்துட்டான்னு நீங்கதான் சொல்லுதிய" என்று என்னை விரட்டினார்.

ஆனால் இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். படம் வந்த வருடம் ஒரு பக்க எல்லையை மட்டும்தான் தரும். அதற்கு முன்னால் நடந்திருக்காது என்று சொல்லலாம், அந்த வருடமே நடந்தது என்று சொல்ல முடியாது. பட்டணத்தில் ஓடி முடித்த படம் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்துசேர வெகு நாளாகும். மைக் செட்காரர் ஒரு ரிக்கார்டு வாங்கினால், அது தேயும்வரை எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான். மேலத்தெருக் கல்யாணமும் அப்படித்தான். அந்தப் பாட்டு 1962-இல் வந்த சாரதா படத்தில் உள்ளது. கல்யாணம் அதற்கும் இரண்டு வருடம் கழித்து நடந்தது என்று சித்தி கணக்குப்போட்டுச் சொன்னாள்.

மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தபோது, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜனாட்டா என்பவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. இளைஞர்களுக்கு அவர்களுடைய சிறுவயதுப் பாட்டுத் துண்டுகளைப் போட்டு, மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார். சொந்த வாழ்க்கையை நினைவுபடுத்திய பாட்டுகளுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி கூடுதலாக வேலை செய்தது. அல்சைமர் நோயில் மூளை சுருங்கும்போது சற்றுத் தாமதமாகப் பாதிக்கப்படும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இதைப் படித்துவிட்டு நான் அழுதேன். பாட்டு மறதிக்கு மருந்தாகிவிடாது, அம்மாவின் மருத்துவரும் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கேட்டு முடித்த மறுநாள் மாத்திரை போட்டது மறந்துதான் போகிறது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரம் அவள் முழுதாக அவளாக இருக்கிறாள். எனக்கு அது போதும்.

எல்லாப் பாட்டையும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் துஷ்டி வீட்டிலும், அதாவது சாவு வீட்டிலும், குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். அங்கே ஒலிப்பதற்கென்றே சில பாட்டுகள் உண்டு. 'வீடு வரை உறவு' அதில் முக்கியமானது. அம்மாவின் தம்பி ஆற்றில் போனபோது இரண்டு நாள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். தொலைக்காட்சியில் யதேச்சையாக அது வந்த ஒரு ராத்திரி, அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். காரணம் அவளால் சொல்ல முடியவில்லை, சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதைச் செய்யப்போகிறவர்கள், முதலில் கூடப்பிறந்தவர்களிடமோ பழைய சொந்தக்காரர்களிடமோ போடக்கூடாத பாட்டுகளைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஏதாவது ஒன்று தப்பிவந்து அழ ஆரம்பித்தால், சட்டென்று பாட்டை நிறுத்திப் பேச்சை மாற்றாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அழுகையிலும் அவர்கள் சொல்ல நினைப்பது ஏதாவது இருக்கும்.

இன்னொரு விஷயம், வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டுகள். எண்பதுகளில் அப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். கேசட் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கினால் காசு ஆகும் என்று, ரேடியோவுக்கு முன்னால் அதை வைத்து அவரே பதிவார். அந்தக் கேசட்டுகளை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றச் சொன்னேன். பாட்டுகளைச் சுத்தமாகப் பிரித்து, இரைச்சலை நீக்கி, நடுவில் இருந்த பேச்சையெல்லாம் வெட்டிவிட்டுக் கொடுத்தார்கள். பாட்டு எனக்கு எதற்கு? அது போனிலேயே கிடைக்கும். நல்லவேளை, மூலக் கேசட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு வீட்டிலேயே செய்தேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேலை செய்யும் கேசட் பிளேயர் ஒன்று, அதன் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் அழியாது. நெடுநாள் ஓடாத நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். உடனே ஓடவிடாமல், பென்சிலை நுழைத்து முழுதாக ஒருமுறை சுற்றித் தளர்த்துங்கள். பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் மங்கிய ஒலி தெளியும். இரைச்சலோடு, பேச்சோடு, அப்படியே ஒரு முழுப் பிரதியை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதன் நகலில்தான்.

எங்கள் கேசட் ஒன்றில் 'இளைய நிலா' கிடார் தொடங்கும்போது அப்பா "சத்தம் போடாதீங்க, பதிவாகுது" என்று அதட்டுகிறார். பின்னால் ஒரு சின்னப் பெண் சிரிக்கிறாள், அது நான். அதற்கும் பின்னால் அம்மா யாரையோ "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்கிறாள். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் குரல் எங்களிடம் வேறு எங்குமே இல்லை. புகைப்படம் நிறைய எடுத்துவைத்தோம், குரலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால், எழுதியிருக்கும் பாட்டுப் பெயரைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் வாங்கிய கேசட்டைவிட, வீட்டில் பதிந்த கேசட்டை முதலில் எடுங்கள். நாடா வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

என் மகள் பிறந்தது 2000-க்குப் பிறகு. அவளுக்கு என் எண்பதுகளின் பாட்டுகள் எல்லாம் மனப்பாடம், அதோடு அவற்றுக்கு அவளுடைய சொந்த நினைவுகளும் உண்டு. காரில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே ஊருக்குப் போன ராத்திரிகளாம் அவை. அமெரிக்காவில் 2013-இல் கல்லூரி வயதினரிடம் செய்த ஓர் ஆய்வில், அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளும் அவர்களுக்கு நினைவுகளைக் கொண்டுவந்தன என்று கண்டிருக்கிறார்கள். இந்த வேலையில் இப்போது அவள்தான் எனக்குக் கூட்டாளி. பதிவுகளைக் கேட்டு எழுத்தில் எடுக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் மேலே பாட்டு, படம் வந்த வருடம், அம்மா சொன்ன இடம், கூட இருந்தவர் என்று நான்கு குறிப்பு. புரியாத சொல் வந்தால் ஆச்சியிடமே போய்க் கேட்கிறாள். கண்டு என்றால் என்ன, மேய்வது என்றால் என்ன என்று அம்மா அவளுக்கு விளக்குகிற பதிவுகள் தனியாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

அடுத்து சித்தியிடம் உட்கார வேண்டும். அம்மாவைவிட ஆறு வயது இளையவள், நினைவு நல்ல தெளிவு. அவள் கணக்குப்படி பட்டியல் 1965-இல் தொடங்குகிறது. பீடிக் கடையில் கணக்கெழுதும் இடத்தில் ஒரு ரேடியோ இருந்ததாம். சரியில்லாத பீடிகளைக் கழித்துக் கழிவு போடுகிற நேரத்தில் அதன் சத்தத்தைக் கூட்டிவைப்பார்களாம். அந்த நேரத்தில் வந்த பாட்டுகளைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று சித்தியே சொல்லிவிட்டாள்.